பூசைக்காசு ஊடு

அத்தியாயம் பதினேழு

நாற்பத்தெட்டாயிரத்து அறுநூற்றுப் பதிமூன்று ரூபாய்.

மஞ்சுளாவின் வீட்டுக் கடனில் இன்னும் மிச்சமிருந்தது அவ்வளவுதான். ஒன்பது லட்சமாக வந்த கடன். பதினெட்டு வருடம் கட்டிக்கொள்ளுங்கள் என்று கொடுத்த கடன். ஏழாவது வருடம் முடிவதற்குள் அந்த முரட்டுக் காளையைக் கன்றுக்குட்டியாக இளைக்க வைத்து, கழுத்தில் கயிறு போட்டு வாசல் வரைக்கும் இழுத்து வந்துவிட்டார்கள், அவளும் அவள் புருஷன் அருணகிரியும்.

இன்றைக்கு அதையும் அவிழ்த்து விரட்டிவிடுவது என்று முடிவாகியிருந்தது. அந்த முடிவுக்குக் குறுக்கேதான் போன ஞாயிற்றுக்கிழமை கலையரசன் வந்து உட்கார்ந்தார்.

அருணகிரியின் அண்ணன். ஒரு பெரிய விடுதிப் பள்ளிக்கூடத்து ஆபீசில் கிளார்க். கையில் அரைக்கிலோ மிக்சரும் வாயில் ஒரு யோசனையும் கொண்டு வந்திருந்தார்.

"கடனை அடைச்சுப்புடாதீங்க. இத்தனை நாள் ஒழுங்காக் கட்டியிருக்கறீங்க. அதே ஊட்டு மேல இன்னும் அஞ்சு லட்சம் குடுப்பாங்க. போர் போடற ரிக் வண்டியில ஒரு பங்கு வருது. வாங்கி எனக்குக் குடுங்க. தவணையை நான் பாத்துக்கறேன்."

முடியாதுங்க மாமா என்று மஞ்சுளா அப்போதே சொல்லிவிட்டாள். அருணகிரி ஒன்றும் சொல்லவில்லை. மிக்சரில் இருந்த கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தான்.

அந்த மௌனம் வாரம் பூராவும் அவளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

*

அருணகிரி வெல்டராக இருக்கிற, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் அன்றைக்குப் பூசை. சங்ககிரிக்காரர் ஒருவரின் புது லாரி வெளியே போகிற நாள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். முகப்பில் சாமந்தி மாலை. பெயிண்டு வாசனையோடு கற்பூர வாசனையும் கலந்து கிடந்தது. வெண்பூசணி உடைந்து சிதறியதும் டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்தினான்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டி வெளியே போகும்போது வண்டிக்காரர் வேலைக்காரர்கள் கையில் மஞ்சள் தடவிய கவரில் பூசைக்காசு கொடுப்பார். அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அன்றைக்கே தின்றோ குடித்தோ தீர்த்துவிட வேண்டும். மிச்சம் வைத்தால் அந்த வண்டி நடுரோட்டில் மக்கர் பண்ணும் என்று பேச்சு. இதை முதலில் யார் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாது. பக்கத்துப் பிரியாணிக் கடைக்காரர் சொல்லியிருக்கலாம்.

அருணகிரி இந்த வழக்கத்தை மீறினவன். மீற வைத்தவள் மஞ்சுளா. வீடு கட்டி முதல் தவணை கட்டின மாதமே அவள் சொல்லிவிட்டாள்.

"வண்டி மக்கர் பண்ணினா வண்டிக்காரன் பாத்துக்குவான். ஊடு மக்கர் பண்ணினா யாருங்க பாப்பாங்க? காசை இங்க கொண்டாங்க."

அதிலும் முதல் வருடம் ஏமாந்துதான் போனார்கள். பூசைக்காசையும், அவள் தார்ப்பாய்க் கடையில் பொழுது சாய்ந்த பிறகும் உட்கார்ந்து கூடுதலாகத் தைத்த கூலியையும் கொண்டுபோய்க் கொடுத்தால், கடன் ஆபீசில் அதை அடுத்த மாதத் தவணைக்கு அட்வான்ஸாக வரவு வைத்துக்கொண்டார்கள். லாரித் தொழிலில் அட்வான்ஸ் என்றாலே மரியாதை. அட்வான்ஸ் கொடுத்தவன் பெரிய மனுசன். ஆகவே இவர்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. மரியாதை கிடைத்தது. அசல் இருந்த இடத்திலேயே இருந்தது. வட்டி அதன் பாட்டுக்கு ஓடியது.

விவரம் தெரிந்த அன்றைக்கு மஞ்சுளா சாப்பிடவில்லை. அடுத்த தடவை போனபோது, கவுண்டரில் பணத்தை வைத்தாள். பணத்தின் மேல் கையையும் வைத்துக்கொண்டாள். "அசல்ல கழிங்க" என்றாள். அசலில் கழித்ததாக எழுதிக் காட்டின பிறகுதான் கையை எடுத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஆபீசில் அவளுக்கு 'அசல் அக்கா' என்றே பேராகிவிட்டது.

"என்ன கிரி, இன்னைக்காச்சும் எங்ககூட வாரயா? இல்ல, ஊட்டுக்காரி கேட்டுல நிக்கறாளா?" என்று கேட்டான் பெயிண்டர் பொன்னன்.

"நிக்கறாப்பா."

சிரிப்பு எழுந்தது.

"அப்ப ஒண்ணு பண்ணு. வாசல்ல பூசைக்காசு ஊடுன்னு போர்டு மாட்டீரு. நானே எழுதித் தாரேன். கூலிகூட வேண்டாம்."

கேட்டில் மொபட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மஞ்சுளாவுக்கு அது கேட்டது. "பெரிய எழுத்தா எழுதுங்கண்ணா! பைபாஸ்ல பஸ்ஸுல போறவங்களுக்கும் தெரியோணும்!"

பொன்னன் பிரஷ்ஷோடு ஒரு கும்பிடு போட்டான். "தாயே, ஒன்னை எதுத்துப் பேச என்னால ஆகாது."

அருணகிரி மஞ்சள் கவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தான். உள்ளே ஆயிரத்து ஒரு ரூபாய். மஞ்சுளாவின் பையில் நாற்பத்தெட்டாயிரம் இருந்தது. வேண்டுமென்றேதான் அத்தோடு நிறுத்தியிருந்தாள். கடைசி அறுநூற்றுச் சொச்சம் பூசைக்காசிலிருந்து போக வேண்டும் என்பது அவள் பிடிவாதம். எதை வைத்துத் தொடங்கினோமோ அதை வைத்தே முடிக்க வேண்டும்.

வண்டியில் ஏறப் போகும்போது அவனுடைய போன் அடித்தது. எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனான். தலையை ஆட்டி ஆட்டிப் பேசினான். திரும்பி வந்தபோது முகத்தில் வெளிச்சம் இல்லை.

"யாருங்க?"

"அண்ணன்."

"என்ன சொன்னீங்க?"

"பாக்கலாம்னேன்."

மஞ்சுளா மொபட் சீட்டில் ஒரு அடி அடித்தாள். "கடன் கேக்கறவங்களுக்குப் பாக்கலாம்னு சொன்னா, அது சரின்னு சொன்ன மாதிரிதானுங்க?"

"எடுத்தெறிஞ்சு பேசச் சொல்றயா? நமக்கு அன்னைக்கு யாரு கடன் குடுக்க வந்தா? எனக்குச் சம்பளச் சீட்டு இல்லை. ஒனக்கும் இல்லை. அவரு தன்னோட சீட்டைக் காட்டி, தானும் கடன்காரன்னு கூடக் கையெழுத்துப் போட்டதனாலதான் ஊடு."

"நான் இல்லைன்னு சொன்னனுங்களா? அந்தக் கையெழுத்துக்குச் சாகற வரைக்கும் நன்றி இருக்குது. அதுக்காக ஊட்டையே எடுத்துக் குடுக்க முடியுமா?"

அவன் முன்னால் உட்கார்ந்தான். வண்டியைக் கிளப்பினான். அவள் பின்னால் ஏறி, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

தார்ப்பாய் ஊசி குத்திக் குத்தி அவளுடைய வலது கட்டைவிரல் காய்த்துப் போயிருந்தது. அதில் வலி எப்போதும் இருக்கும். உழைக்கிறவர்களுக்கு வலியும் ஒரு உறுப்பு மாதிரிதான். இருக்கிறது என்ற நினைப்பே வராது. இன்றைக்கு ஏனோ அது விண்விண் என்று தெறித்தது. பரமத்தி ரோட்டில் முட்டை ஏற்றிய வண்டி ஒன்று அவர்களை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு போனது.

*

கடன் ஆபீஸ் ஒரு டயர்க் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் மஞ்சுளாவின் கால் நின்றுவிட்டது.

மின்விசிறிக்கு அடியில் கலையரசன் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு விண்ணப்பம். எழுத வேண்டியதெல்லாம் எழுதி, அருணகிரி கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறியும் போட்டு வைத்திருந்தார்.

"வா மஞ்சுளா. உக்காரு. டீ சொல்லட்டுமா?"

"கடனை அடைச்சுப்போட்டுக் குடிக்கறனுங்க மாமா."

கவுண்டரில் இருந்த கௌதமன் எழுந்து நின்றான். நல்ல பையன். அவளைக் கண்டால் சிரிப்பான். இன்றைக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. "அக்கா, சார் சொன்னாருங்க, கூடுதல் கடன் போடறதா. உங்களுக்கு ரெக்கார்டு அருமையா இருக்குதுங்க. இந்த வாரத்துலயே வாங்கிக் குடுத்துருவேன்."

"நல்ல ரெக்கார்டு எதுக்கு சாமி? மறுபடியும் கடன் வாங்கறதுக்கா? ஒழுங்கா நடந்தா ஜெயில்ல இருந்து வெளிய விடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கறேன். நீங்க இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டுப் போங்கறீங்க."

கௌதமன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

கலையரசனுக்குச் சுருக்கென்றது. "பேச்சு நல்லாத்தான் இருக்குது. நான் பட்ட கஷ்டம் ஒனக்குத் தெரியுமா? என் மக காலேஜுக்குக் கடன் கேட்டுப் போனேன். ஒங்க பேர்ல ஏற்கெனவே வீட்டுக் கடன் இருக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. யாரு ஊடு? ஒங்க ஊடு. ஏழு வருசமா அந்தப் பாரத்தை நானும்தான் செமந்திருக்கறேன்."

அது பொய் இல்லை. மஞ்சுளாவின் குரல் இறங்கியது.

"அது தெரியாதுங்க மாமா. நீங்க ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்னைக்கு இதை அடைச்சுட்டா உங்க பேரும் விடுபட்டுரும். உங்க சம்பளத்துக்கு நீங்களே கடன் வாங்கலாம். எங்க ஊடு எதுக்கு?"

"அதுக்கெல்லாம் நேரமில்லை." அவர் விண்ணப்பத்தை உருட்டினார். "ரிக் வண்டிக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன். மாசக் கடைசிக்குள்ள மீதியைக் குடுக்கலைன்னா அதுவும் போயிரும்."

"எங்கிருந்து குடுத்தீங்க?" என்று அருணகிரி கேட்டான். ஆபீசுக்குள் வந்த பிறகு அவன் பேசின முதல் வார்த்தை.

கலையரசன் அவனைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். "அது ஒனக்கெதுக்கு? ஒங்களை நம்பிக் குடுத்தேன். அவ்வளவுதான்."

"எங்களைக் கேக்காம எங்களை நம்பினா எப்படீங்க மாமா?"

"சரி, கட்டு!" அவர் சட்டென்று குரலை உயர்த்தினார். "தாராளமாக் கட்டு. பணத்தைக் கட்டிட்டா ஆச்சா? பத்திரம் வேணுமில்ல? பத்திரத்தை வெளிய எடுக்கோணும்னா நானும் வந்து கையெழுத்துப் போடோணும். அந்தப் பையனையே கேளு. நான் போட மாட்டேன்."

மஞ்சுளா கௌதமனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்தபடி ஆட்டினான்.

"எங்க கம்பெனியில அப்படித்தாங்கக்கா. கடன்ல பேர் இருக்கறவங்க எல்லாரும் வந்து போட்டாத்தான் பத்திரம் கைக்கு வரும்."

இது அவளுக்குத் தெரியாது. ஏழு வருடமாக இந்த மாடிப்படியில் ஏறி இறங்கியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும், கடைசி நாளன்று பத்திரத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இதே படியில் இறங்குவதாக நினைத்துக்கொண்டே இறங்கியிருக்கிறாள். அதற்கென்று புதுத் துணிப்பை ஒன்றுகூடத் தைத்து, மடித்து, இன்றைக்குக் கொண்டு வந்திருந்தாள்.

கலையரசன் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "இப்ப சொல்லு. நான் கேட்டதைக் குடுத்துட்டா எல்லாமே சுமுகமா முடியும்."

மின்விசிறி கடகடவென்று சுற்றியது. கீழே டயர்க் கடையில் யாரோ டிஸ்க்கைச் சுத்தியலால் தட்டினார்கள். நாலைந்து தட்டு.

மஞ்சுளா மெதுவாகக் கேட்டாள். "தம்பி, பத்திரம் வாங்கறதுக்கு அவரு கையெழுத்து வேணும். பணம் கட்டறதுக்கு?"

"கட்டறதுக்கு யாரும் வேண்டாங்கக்கா. நீங்க கட்டுனா வாங்கிக்குவோம்."

"கட்டிட்டா, அதுக்கப்புறம் இந்தக் கடன் மேல வேற கடன் போட முடியுமா?"

"கடனே இல்லாதப்ப எது மேலங்கக்கா போடறது?"

"அப்ப கட்டறேன்."

பையிலிருந்த கட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். வழக்கம்போல அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

கலையரசன் எழுந்தேவிட்டார். "பைத்தியமா ஒனக்கு? பத்திரம் இல்லாத ஊட்டை வெச்சு என்ன பண்ணுவே?"

"குடியிருப்பனுங்க மாமா. இத்தனை வருசமும் பத்திரத்துக்குள்ளயா படுத்துத் தூங்குனோம்?"

"விக்க முடியாது!"

"விக்கறதுக்குக் கட்டலீங்க."

"அடமானம் வெக்க முடியாது!"

"அதுதானுங்க எனக்கும் வேணும்."

அவர் அவளை விட்டுவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்பினார். பையில் நாற்பத்தெட்டாயிரம்தான் இருக்கிறது, மீதி அவன் சட்டைப் பையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. மஞ்சுளாவுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அந்த மஞ்சள் கவர் வெளியே வராவிட்டால் இன்றைக்கு இந்தக் கடன் முடியாது. நாளைக்கு வேண்டுமானால் அறுநூறு ரூபாயை எங்கேயாவது புரட்டிக்கொண்டு வரலாம். ஆனால் இன்றைக்கு வராத கவர் அதற்குப் பிறகு எத்தனை நாள் கழித்து வந்தாலும் வந்ததாகாது.

"டேய் கிரி. நீ சொல்லுடா. காலையில பாக்கலாம்னியே. ஆம்பளை வார்த்தைதானே?"

அருணகிரி தன் கைகளைப் பார்த்தான். வெல்டிங் பொறி தெறித்துத் தெறித்து, முழங்கை வரைக்கும் அம்மை போட்டமாதிரி தழும்பு. மஞ்சுளா அவனைக் கூப்பிடவில்லை. கண்ணைக்கூடக் காட்டவில்லை. கை பணத்தின் மேல் இருந்தது. காய்த்த விரல் அதன் பாட்டுக்குத் துடித்தது.

"பாக்கலாம்னுதானுங்கண்ணா சொன்னேன்" என்றான் அருணகிரி. "வார வழியெல்லாம் பாத்துட்டுத்தான் வந்தேன்."

சட்டைப் பையில் கையை விட்டான். கவரை எடுத்து, மஞ்சுளாவின் கைக்குப் பக்கத்தில் வைத்தான். கற்பூர வாசனை வந்தது.

"அண்ணா, நீங்க எனக்குக் கையெழுத்துப் போட்டீங்க. நான் மறக்கலை. நாளைக்கே உங்களுக்கு ஒண்ணுன்னா வெல்டிங்கைப் போட்டது போட்டபடி ஓடி வாரேன். உங்க அட்வான்ஸுல என்ன சிக்கலோ, சொல்லுங்க, கூட வந்து நிக்கறேன். ஆனா இந்த ஊட்டை மட்டும் கேக்காதீங்க." அவன் கவரை விரலால் தட்டினான். "எத்தனை லாரிங்கண்ணா. ஒவ்வொண்ணும் பட்டறையை விட்டுப் போறப்ப எல்லாரும் பிரியாணிக் கடைக்குப் போவாங்க. நான் மட்டும் தூக்குப்போசியில பழைய சோத்தைத் தின்னுட்டு உக்காந்திருப்பேன். கஞ்சப்பயன்னாங்க. பொண்டாட்டிதாசன்னாங்க. நான் கட்டுன வண்டி ரோட்டுல நின்னா என் காசுனாலதான் நின்னுதுன்னாங்க. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். எதுக்கு? இன்னொருக்கா மொதல்ல இருந்து ஆரம்பிக்கறதுக்கா?"

ஆபீசில் வேறு வேலையாக வந்திருந்த ஒரு கிழவர், கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கலையரசன் விண்ணப்பத்தை நாலாக மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்ததை மஞ்சுளா பார்த்தாள். கோபத்தில் செய்தமாதிரி தெரியவில்லை. எதற்கோ பயந்தவரின் கை அது. யாருக்குப் பயந்து, எதற்குப் பயந்து என்று அந்த நிமிடம் அவளால் யோசிக்க முடியவில்லை.

"நல்லா இருங்க" என்றார் அவர். "பத்திரம் இங்கயே கெடக்கட்டும். எப்படி எடுக்கறீங்கன்னு நானும் பாக்கறேன்."

"கெடக்கட்டுங்க மாமா" என்றாள் மஞ்சுளா. "அது உங்களுக்கும் எங்களுக்கும் இருக்கற சண்டை. ஊட்டுக்குள்ள தீத்துக்கலாம். இந்த ஆபீஸ்காரங்களோட இருக்கற சண்டை இன்னைக்கு முடியட்டும்."

கண்ணாடிக் கதவு ஆடி நின்றது. படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

கௌதமன் பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பணத்தின் மேலிருந்த கையைப் பார்த்து, பழைய சிரிப்பைச் சிரித்தான். "அசல்லதானுங்கக்கா?"

"எதுலயோ கழிங்க சாமி. ஒண்ணும் மிஞ்சக் கூடாது. அவ்வளவுதான்."

அவள் கையை எடுத்தாள். கட்டைவிரலின் வியர்வை மேல் நோட்டில் ஈரமாக ஒட்டியிருந்தது.

இயந்திரம் நோட்டை எண்ணியது. கவரில் இருந்ததையும் பிரித்து எண்ணினான். மீதி முந்நூற்று எண்பத்தெட்டு ரூபாயை அவள் பக்கம் நகர்த்தினான். மஞ்சுளா அதைத் தொடவில்லை. புருஷன் பக்கம் தள்ளினாள்.

"இதை ஊட்டுக்குக் கொண்டாந்தீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். பொன்னண்ணனைக் கூட்டிக்கிட்டு நேரா பிரியாணிக் கடைக்குப் போங்க."

அருணகிரி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "முந்நூத்துச் சொச்சத்துல அவன் வயிறு எங்க நெறையும்? அரை வயித்துக்குத்தான் காணும்."

"மீதி அரை வயித்துக்கு அவருகிட்டயே போர்டு எழுதற கூலியைக் குடுத்துருங்க. சும்மா எழுத வேண்டாம். நம்ம ஊடு இனி ஓசியில எதையும் வாங்காது."

பிரிண்டர் உறுமிக்கொண்டு ஒரு தாளைத் தள்ளியது. கௌதமன் அதில் முத்திரை குத்தினான். இரண்டு கையாலும் பிடித்து நீட்டினான்.

"முடிஞ்சுதுங்கக்கா" என்று மெல்லிய குரலில் சொன்னான்.

மஞ்சுளா தாளை வாங்கவில்லை. அதற்கு முன்பு ஜன்னலுக்குப் போய்க் கதவின் கொக்கியை நீக்கினாள். இரண்டு கதவையும் தெருவைப் பார்க்க அகலத் திறந்து வைத்தாள்.

"இப்பச் சொல்லு சாமி. சத்தமாச் சொல்லு. கீழ போனவருக்கும் கேக்கோணும்."

கௌதமன் ஒரு நொடி தயங்கினான். பிறகு எழுந்து நின்று, ஆபீஸ் முழுக்க அதிரும்படி கத்தினான்.

"மஞ்சுளா அருணகிரி! வீட்டுக் கடன் முழுசா அடைஞ்சுது! பாக்கி ஒரு ரூபாகூட இல்லை!"

பேனாவைக் கீழே வைத்திருந்த கிழவர் கை தட்டினார்.

மஞ்சுளா தாளை வாங்கி, பத்திரத்துக்கென்று தைத்த புதுப்பையில் போட்டுக்கொண்டாள். பை அதற்கு ரொம்பப் பெரிதாக இருந்தது. பரவாயில்லை. ஜன்னலோரம் நின்று காது கொடுத்துக் கேட்டாள்.

கீழே கலையரசனின் மோட்டார் சைக்கிள் இன்னும் கிளம்பவில்லை.